எந்தக் கால் முதலில்?

ஜூலை 3, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஆந்திரா பக்கம் போய்விட்டது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் நகல் உருட்ட இரண்டு ஸ்டென்சில் அடித்தேன். ஒன்று குடிதண்ணீர்க் கிணறு, இன்னொன்று மாட்டுக்குத் தடுப்பூசி. தப்பு ஒன்றுகூட இல்லை. தப்பின் மேல் பூசுகிற சிவப்பு மை பாட்டிலைத் திறக்கவே இல்லை.

மத்தியானம் ஹெட் கிளார்க் கூப்பிட்டார்.

"தனம், மேலேர்ந்து பேப்பர் வந்துட்சும்மா. டெம்பரவரி டைப்பிஸ்டுங்க எல்லாம் ஹையர் பாஸ் பண்ணிருக்கணுமாம். இந்தத் தடவ வரலன்னா டிசம்பரோட உன்ன நிறுத்தச் சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு."

ஒன்றும் பண்ண வேண்டாம் என்றேன். அவர் முகம்தான் வாடிப்போயிற்று. நல்ல மனுஷர்.

நிலவரம், எனக்காக:

டைப் அடிக்க ஆரம்பித்து ஏழு வருஷம். இந்த ஆபீஸில் மூன்று.

ஹையர் ஸ்பீடு பரீட்சை: இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பெயில்.

மூன்றாவது: ஆகஸ்ட் 5, அரக்கோணம்.

வேலை போனால்: சொந்த ஊர், அம்மையார்குப்பம். நைனாவின் தறிக்கு நூலைக் குழலில் தார் சுற்றுவது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொண்டுபோய் வைப்பது.

தார் சுற்றுவதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் வந்து உட்கார ஒரு மேசை, அதன் மேல் என் மெஷின், அதற்கு நான் தைத்த உறை. இதை விட்டுக்கொடுக்க மனசில்லை. அவ்வளவுதான்.

ஜூலை 4, செவ்வாய்

வெயில். அக்காவுக்குப் பல்வலி. சமையல் நான். ரசத்தில் உப்பு இல்லை. அக்காவின் வீட்டுக்காரர், பாவா, சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுத் தன் சைக்கிள் கடைக்குப் போனார்.

பெயில் ஆன விதத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் தடவை. 'ஸ்டார்ட்' என்றார்கள். உடனே 'க' எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். ஏழு வருஷமாக இடது ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே கிடக்கிற க. குனிந்து பார்த்தேன். பார்த்ததுதான் தாமதம், எல்லா எழுத்தும் புதுசாகிவிட்டது. ஒரு விரலால் தேடித் தேடிக் குத்தினேன். பாதிப் பக்கம்கூட வரவில்லை.

இரண்டாம் தடவை. குனியவே கூடாது என்று சபதம். குனியவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர் என் பின்னால் வந்து நின்றார். தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் தட்டணும், எழுத்தை அப்புறம். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. நான் எழுத்தைத் தட்டிவிட்டுப் புள்ளியைத் தட்டிக்கொண்டே போனேன். தாள் பூராவும் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில். எடுத்துப் பார்த்தபோது எனக்கே படிக்க வரவில்லை.

இரண்டு தடவையும் வெளியே வந்ததும் கை சரியாகிவிட்டது. அதுதான் எரிச்சல்.

ஜூலை 6, வியாழன்

கவனித்தது: ஆபீஸில் தனியாக இருந்தால் தப்பு வருவதில்லை. ஹெட் கிளார்க் (ஹெ.கி.) என் நாற்காலிக்குப் பின்னால் நின்று டிராஃப்டைப் படித்துச் சொன்னால் பக்கத்துக்கு மூன்று நான்கு. மூன்று வருஷமாக அப்படித்தான் நிற்கிறார். உதவி செய்கிற எண்ணம். முதுகில் ஈ உட்கார்ந்த மாதிரி எனக்கு.

"பதட்டப்படாத" என்பார். இன்னொரு தப்பு. "பதட்டப்படாதன்றேன் இல்ல." இன்னும் ஒன்று.

அவர் டிராஃப்டில் இருக்கிற பிழைகளையெல்லாம் நான் வாயைத் திறக்காமல் திருத்தித்தான் அடிக்கிறேன். அது அவருக்குத் தெரியாது.

ஜூலை 8, சனி

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆள் அனுப்பியிருந்தார். மெட்ராஸ் ரேடியோவில் பேசப்போகிறாராம், பத்து நிமிஷம். கையால் எழுதியதை டைப் அடித்துத் தர வேண்டும். டாக்டர் கையெழுத்து. கடவுளே.

சாயந்திரம் டைப் இன்ஸ்டிட்யூட்டில், நான் பழகுகிற மூன்றாம் நம்பர் மெஷினில் அடித்துக் கொடுத்துவிட்டேன். ஏழு பக்கம். என்ன விஷயம் என்று அக்கா கேட்டாள். தெரியாது என்றேன்.

"ஏய், நீதானடி அடிச்ச?"

அடித்தால் படித்ததாக அர்த்தமா? கண் எடுக்கும், கை போடும். நடுவில் நான் எங்கே வந்தேன். ஒரு தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வேகம் போய்விடும்.

ஜூலை 9, ஞாயிறு

லேசான தூறல். துணி காயவில்லை. கார்பன் காப்பி கையில் இருந்தது. படித்தேன்.

நன்றாகத் தெரிந்த வேலை முக்கியமான நேரத்தில் கை நழுவுவது ஏன் என்பதுதான் விஷயம். தூக்கிவாரிப்போட்டது. ஏழு பக்கமும் என் விரல் வழியாகப் போயிருக்கிறது, எனக்கு ஒன்றும் சொல்லாமல்.

பிடித்த இடத்தை இங்கே எழுதிக்கொள்கிறேன்: "பழகாத வேலையை மூளையின் முன்பகுதி ஒவ்வொரு படியாகக் கவனித்துச் செய்கிறது. பழகிய பிறகு அந்த வேலை உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னால் இருக்கும் சிறுமூளையும் அதன் துணைகளும் அதை ஏற்றுக்கொள்கின்றன. பயம் வந்தால், 'இது முக்கியமான காரியம், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்பகுதி அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேற்பார்வை தெரியும். வேலை மறந்துபோயிருக்கும். இது என் யூகம்தான். நிச்சயமாக நிரூபிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை."

அப்படியானால் என் தலைக்குள்ளேயும் ஒரு ஹெட் கிளார்க்.

கடைசிப் பக்கம் வரை தேடினேன். நிவாரணம் என்று ஒரு வரி இல்லை.

ஜூலை 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்த கூட்டம். எல்லாம் காய்ச்சல், இருமல். ஒரு மணி நேரம் நின்று டாக்டரம்மாவைப் பிடித்தேன்.

"மேடம், மருந்து எழுதல நீங்க."

"எதுக்கு?"

"கை நழுவறதுக்கு."

சிரித்தார். "பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. அதோட எனக்கும் தெரியாது, தனம்."

போன வருஷம் அவருடைய காலேஜ் புரொபசர் மலைக்கோயிலுக்கு வந்தாராம். படியில் கால் தடுக்கி நெற்றி கிழிந்து, இங்கேதான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கிருத்திகைக் கூட்டத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு இருபது முப்பது தையல் போடுகிற கை டாக்டரம்மாவுடையது. புரொபசர் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். மூன்றாவது தையலில் ஊசி கீழே விழுந்துவிட்டது. நர்ஸ் போட்டு முடித்தாராம்.

"அன்னிக்கு ராத்திரி சாப்பிடல நான்" என்றார். சொன்னவர் முகத்தில் இன்னும் அது இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூலை 16, ஞாயிறு

அம்மையார்குப்பம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அம்மா புளிச்சகீரை கடைந்திருந்தாள்.

டாக்டரம்மா எழுதியது சரியா என்று பார்க்க ஆசை. நைனா தறிப் பள்ளத்தில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தார். சேலை. ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட, இரண்டு மிதியும் மாறி மாறி. நாற்பது வருஷக் கால். நான் போய் நின்று கேட்டேன்.

"நைனா, எந்தக் கால மொதல்ல மிதிப்ப?"

"இன்னா?"

"நாடா வலப்பக்கம் போறப்ப எந்தக் காலு?"

நிறுத்தினார். கீழே குனிந்து பார்த்தார். இடது என்றார். இல்லை, வலது என்றார். மிதித்தார். பாவு நூல் பிளந்த ஒரே வாயில் இரண்டு ஊடை விழுந்துவிட்டது. பிரித்தார். மறுபடி மிதித்தார். நாடா முட்டி நான்கு இழை பட்டென்று அறுந்தது.

"இத கேக்கத்தான் பஸ் ஏறி வந்தியா? போடி அந்தாண்ட!"

டாக்டரம்மா எழுதியது சரி. நான் உள்ளே போய்க் கீரை சாப்பிட்டேன். பரீட்சை பண்ணிப் பார்த்த திருப்தி இருந்தது.

ஜூலை 20, வியாழன்

அக்கா ஊருக்குப் போய் வந்தாள். வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை.

"இன்னாடி பண்ண நைனாவ? நாலு நாளா தறி ஓடல. உக்கார்றாரு, காலப் பாக்கறாரு, எந்திரிச்சிடறாரு. நெய்ஞ்ச சேலையிலயும் கோடு கோடா விழுந்து கீது. முதலாளி ஒதுக்கிட்டாரு. அம்மா அழுதுகினு கீது."

பாவா, "கேள்வி கேட்டதுக்கா இப்டி?" என்று ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு வந்த வியாதியை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவமானமாக இருக்கிறது. ஒரு மனுஷரின் காலைச் சோதனை எலி மாதிரி வைத்துப் பார்த்திருக்கிறேன், அதுவும் பெற்றவர் காலை.

இன்று டைப் பழகவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கத்தான். என்ன சொல்வது என்று பஸ்ஸில் மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. நம் வீட்டுச் சத்தம்தான். ஓடினேன்.

நைனா நெய்துகொண்டிருக்கிறார். கூடவே ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மணியை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"பாவுக்குப் போட வெச்ச கஞ்சிடா அது! உன் ஆடு வந்து பாதிச் சட்டி குடிச்சிட்டுப் போவுது, நீ பல்லு வெளக்கினு நிக்கற! இன்னிக்கு அத அறுத்துக் கொழம்பு வெக்கல..."

மணி அந்தப் பக்கமிருந்து, "ஆடு உன்னக் கேட்டுட்டா கஞ்சி குடிக்கும்? மூடி வெய்யேன்யா சட்டிய!"

சண்டை ஏற ஏற நாடா பறக்கிறது. கால் தானாகப் போகிறது. அம்மா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். ஒரு சாண் துணி இறங்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

சண்டை ஓய்ந்தபிறகும் தறி ஓடிற்று. நைனாவுக்கே அப்புறம்தான் உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாயத் தொறக்காத. எதுவும் கேக்காத" என்றார்.

கேட்கவில்லை. தார் சுற்றிக் கொடுத்தேன், சாயந்திரம் வரைக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அப்படியே போய்விட்டது. அம்மா மணி வீட்டுக்கு ஒரு கிண்ணம் கீரை கொடுத்தனுப்பினாள்.

ஜூலை 25, செவ்வாய்

மருந்து கிடைத்துவிட்டது. தலைக்குள் இருக்கிற மேற்பார்வையாளரை வேறு ஒருத்தரோடு சண்டைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் கை தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

மனசுக்குள்ளேயே யாரோடு சண்டை? அக்காவோடு முயன்றேன். சிரிப்பு வந்துவிட்டது. பஸ் கண்டக்டர் ஒருத்தர் சில்லறை தராமல் போனார், அவரோடு முயன்றேன். இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை.

ஹெ.கி.யோடு ஓடிற்று. நிற்கவே இல்லை. மூன்று வருஷத்துச் சரக்கு இருந்திருக்கிறது உள்ளே, எனக்கே தெரியாமல்.

இன்ஸ்டிட்யூட்டில் பாவாவைக் கடிகாரத்தோடு பின்னால் நிற்கவைத்தேன். வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தார். பத்து நிமிஷம். தப்பு: ஒன்று.

"யார திட்டினு அடிச்ச?" என்றார். மூஞ்சியில் தெரிந்ததாம்.

ஜூலை 28, வெள்ளி

ஆடிக் கிருத்திகை. ஊரே மஞ்சள். காவடிக்கூட்டம் ஸ்டேஷனிலிருந்து மலைவரை. ஆபீஸுக்குப் போக முக்கால் மணி நேரம். அக்கா வீட்டில் சித்தூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் பதினோரு பேர். என் பாய் போயிற்று.

சாயந்திரம் பாவா கடை ரேடியோவில் டாக்டரம்மா பேச்சு. 'அரோகரா' சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டவரைக்கும் சரளமாகத்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் மட்டும் மூச்சு வாங்கினார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வெயில். தெருவெல்லாம் பூச்சருகு. டாக்டரம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். மைக்கைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். மூன்று தடவை தண்ணீர் கேட்டு, நான்காவது தடவைதான் பதிவு செய்தார்களாம்.

நைனா கதையைச் சொன்னேன். ஆடு, கஞ்சி எல்லாம். நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் யோசித்துவிட்டு, "மூளைல முன்னால இருக்கறவருக்கு வேற வேலை குடுத்துட்டாரு உங்கப்பா. ஆனா ஜாக்கிரதை தனம். அந்த முன்னால இருக்கறவர் சும்மா போகமாட்டார்" என்றார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மெஷின்களை மாட்டுவண்டியில் ஏற்றி அரக்கோணம் அனுப்பினார்கள். பரீட்சைக்கு அவரவர் இன்ஸ்டிட்யூட் மெஷின்தான். மூன்றாம் நம்பரைச் சாக்கில் சுற்றி வைக்கோல் மேல் நானே வைத்தேன். ரிப்பன் புதுசு. எண்ணெய் விட்டாயிற்று.

ஹெ.கி. வெற்றிலைப் பையிலிருந்து திருநீறு எடுத்துக் கொடுத்தார். "பதட்டப்படாத" என்றார்.

நாளைக்கு உங்களை என்ன பாடு படுத்தப்போகிறேன் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். திருநீறு பூசிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

ஏழு மணி ரயில். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தில் முப்பது மெஷின், முப்பது பேர். முன்வரிசையில் ஒருத்தி அப்போதே அழுதுகொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு அதே பெரியவர். அவர் செருப்புச் சத்தம் எனக்கு ஞாபகம் இருந்தது.

'ஸ்டார்ட்.'

'க' எங்கே என்று ஒரு குரல் ஆரம்பித்தது. விடவில்லை. ஹெ.கி.யைப் பிடித்தேன்.

சார், மூணு வருஷமா எம் முதுகுக்குப் பின்னாலயே நிக்கறீங்களே, இன்னாத்துக்கு? உங்க டிராஃப்ட்ல இருக்கற தப்ப யாரு திருத்தறாங்கன்னு நெனச்சீங்க? கிணறு தூர் வாரறதுக்கு பதிலா கிணறு தூர்க்கறதுன்னு எழுதினீங்களே, கலெக்டராபீஸ் வரிக்கும் போயிருந்தா சிரிச்சிருக்கமாட்டாங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தப் பொண்ணு நல்லா அடிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னீங்களா?

மெஷின் மணி அடிக்க அடிக்க உருளையைத் தள்ளினேன். செருப்பு பின்னால் வந்து நின்றது. நின்றால் நில்லு. கை போய்க்கொண்டே இருந்தது. கண்ணில் லேசாகத் தண்ணீர். எழுத்து தெரிந்தது.

'ஸ்டாப்' என்றபோது இரண்டாம் தாளில் பாதி தாண்டியிருந்தேன். இதுவரைக்கும் அப்படி வந்ததே இல்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

தாளை உருவிக் கொடுப்பதற்கு முன் ஒரு பார்வை. மரம் நடுவதைப் பற்றிய பத்தி. பதின்மூன்றாவது வரி:

"மரக்கன்றுகளைச் சுற்றி முள்வேலி அமைக்க வேண்டும். சார் நான் நல்லாத்தான் அடிக்கிறேன். கோடைக் காலத்தில் நாள்தோறும் நீர் ஊற்றுதல் அவசியம்."

பெரியவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டேன்.

அடுத்து ஒரு மணி நேரம் கடிதமும் பட்டியலும் அடித்தேன். என்ன அடித்தேன் என்று ஞாபகம் இல்லை.

திரும்பும் ரயிலில் கணக்குப் போட்டேன். கேள்வித்தாளில் இல்லாத வார்த்தை நான்கு. நான்கு தப்பு. இல்லை, தாளில் வேறு பேச்சு எழுதினாள் என்று மொத்தமாகக் கழித்தாலும் கழிக்கலாம். யாரைக் கேட்பது? கேட்டால் என்ன வார்த்தை என்று சொல்ல வேண்டும்.

அந்த நான்கு வார்த்தையிலும் எழுத்துப்பிழை இல்லை. புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில்.

ஆகஸ்ட் 7, திங்கள்

"எப்டி போச்சு?"

"நல்லா போச்சு சார்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை பத்து நிமிஷம் முழுக்க அவரைத் திட்டியிருக்கிறேன். ஸ்டென்சில் ஒன்று. தப்பு இரண்டு.

செப்டம்பர் 19, செவ்வாய்

நல்ல மழை. கூரை ஒழுகி மெஷின் உறை நனைந்தது. அம்மா கடிதம்: திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை, சர்க்கரை ஆலையில் வேலை, உன் டைப் வேலை நின்றுபோகும் என்றால் தை மாதம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா. பதில் போடவில்லை. நிற்குமா நிற்காதா என்று எனக்கே தெரியாது.

தினமும் அந்தப் பதின்மூன்றாவது வரி ஞாபகம் வருகிறது. சாப்பிடும்போதுகூட.

அக்டோபர் 12, வியாழன்

வானம் மூட்டம். ஹெ.கி. பதினொரு மணிக்குக் குடையை உதறிக்கொண்டே வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகவே.

"பாஸ்ம்மா. செகண்ட் கிளாஸ்."

அழுதுவிட்டேன். ஸ்டென்சில் மேல் விழாமல் பார்த்துக்கொண்டேன். அவர் டீ வாங்கிவரச் சொன்னார், எல்லாருக்கும்.

டீ குடித்துக்கொண்டே, "ஃபர்ஸ்ட் கிளாஸ் வரவேண்டிய கையாச்சே. எங்க தப்பு உட்ட?" என்றார்.

"ஒரே எடத்துல சார். நாலு வார்த்த கூட அடிச்சிட்டேன்."

"இன்னா வார்த்த?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அது யாரைப் பார்த்துச் சொன்னது, எத்தனை வருஷமாக உள்ளே இருந்தது என்பதையும் சேர்த்து.

டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீ நல்லா அடிக்கறன்னு, மேலேர்ந்து பேப்பர் வந்தன்னிக்கே பதில் எழுதிப் போட்டிருக்கணும் நான்" என்றார். "தோணல தனம்."

அப்புறம் பழக்கதோஷத்தில் டிராஃப்டை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்தார்.

"சார், முன்னால வந்து உக்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். படித்தார். அடித்தேன். முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் ஒரு தப்பு. அவருடையது. எடுத்துச் சொன்னேன்.